எந்த மழைக்காலத்துக்கு முன்? பொது சுகாதாரத் துறை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,
பொது சுகாதாரம் மற்றும் நோய்த் தடுப்பு மருந்துத் துறை, சென்னை.

வணக்கம்.

விழுப்புரம் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மருத்துவம் படித்தவள் இல்லை. ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசியை நம் மாநிலத்தில் எந்த மாதம் போடுவது என்பதை நம் ஊர் மழையைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். சின்ன விஷயமாகத் தெரியலாம். எங்கள் வீட்டில் அது பதினோரு நாள் ஆஸ்பத்திரி வாசமாக முடிந்தது.

என் அண்ணனுக்கு வயது அறுபத்தெட்டு. இருபது வருடமாகச் சர்க்கரை. சென்னையில் மகன் வீட்டில் இருக்கிறார். பேப்பரில் எதையோ படித்துவிட்டு, ஒரு செப்டம்பர் கடைசியில் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போய், ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். "அதெல்லாம் மழைக்காலத்துக்கு முன்னாடி போடணும் சார். சீசன் முடிஞ்சுபோச்சு, அடுத்த மே மாசம் வாங்க" என்றார்களாம். அவரும் சரி என்று திரும்பி வந்துவிட்டார். தீபாவளி முடிந்த ஐந்தாம் நாள் காய்ச்சல் கண்டது. முதலில் டெங்குவாக இருக்கும் என்று தட்டணுக்களை எண்ணிக்கொண்டே மூன்று நாள் போனது. நாலாம் நாள் மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் தொண்டையில் சளி மாதிரி எடுத்தார்கள். இன்ஃபுளுயன்சா, அதாவது ஃப்ளூ. அந்த வைரஸுக்கான மாத்திரை காய்ச்சல் கண்ட 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும் என்று அப்போது சொன்னார்கள். அண்ணன் பிழைத்துவிட்டார். ஆனால் மாடிப்படி ஏறும்போது இன்றைக்கும் நடுவில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கித்தான் மேலே போகிறார்.

ஊசி போட்டிருந்தால் வந்தே இருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். வைரஸும் ஊசியும் நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில்கூட, மருத்துவரைப் பார்க்கும் அளவுக்கு ஃப்ளூ வருவதை அது நூற்றுக்கு 40 முதல் 60 வரைதான் குறைக்கிறது. அந்தப் பாதி வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பதே என் வருத்தம். ஊசி இல்லை என்று யாரும் சொல்லவில்லை. பருவம் தாண்டிவிட்டது என்றார்கள். தாண்டவே இல்லையே! சென்னையில் செப்டம்பர் கடைசி என்றால் மழைக்காலம் இன்னும் தொடங்கக்கூட இல்லை.

குழந்தைகள் நல மருத்துவர்களின் சங்கப் பரிந்துரையிலும் சரி, தனியார் மருத்துவமனைச் சுவரொட்டிகளிலும் சரி, 'மழைக்காலத்துக்கு முன்' என்ற சொற்கள்தான் வருகின்றன. அந்த வரி அகில இந்தியாவுக்கு என்று எழுதப்பட்டது. டெல்லியிலும் மும்பையிலும் மழைக்காலம் என்றால் ஜூன் முதல் செப்டம்பர். நமக்கு அப்படியா? ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்றுதானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. சென்னைக்கு அந்தப் பங்கு இன்னும் அதிகம். ஒரே சொல்லுக்கு இரண்டு ஊரில் இரண்டு மாதம் என்பதை யாரும் கவனிக்காமல் போனதால் என் அண்ணன் வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

மழை மட்டும் இப்படி மாறி வருவதில்லை, ஃப்ளூவும் மாறித்தான் வருகிறது என்பது உங்கள் துறைக்குத் தெரியாததில்லை. 2009-ல் எச்1என்1 என்ற புதிய ஃப்ளூ வைரஸ் வந்த பிறகு நாட்டின் பத்து இடங்களில் ஆண்டு முழுவதும் சளி மாதிரி எடுத்துச் சோதித்து, எந்த மாதத்தில் வைரஸ் அதிகம் தென்படுகிறது என்று பார்த்தார்கள். 2015-ல் அந்த ஆய்வு வெளியானது. ஸ்ரீநகரில் உச்சம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஐரோப்பாவைப் போலக் குளிர்காலக் காய்ச்சல். டெல்லி, லக்னோ, கொல்கத்தா, நாக்பூர், புனே, திப்ருகர், ஆலப்புழை ஆகிய ஊர்களில் தென்மேற்குப் பருவத்தை ஒட்டிய மாதங்கள். மிச்சம் இருந்த இரண்டு ஊர்கள் சென்னையும் வேலூரும். இரண்டிலும் உச்சம் அக்டோபர், நவம்பரில். பத்தில் ஏழு ஊர் ஒரு பக்கமும் ஸ்ரீநகர் ஒரு பக்கமும் நம் ஊர் இரண்டும் தனியாகவும் நின்றன. அந்த வரைபடத்தை முதல் முறை பார்த்தபோது, முப்பத்தோரு வருட வருகைப் பதிவேட்டை யாரோ கோடு போட்டுக் காட்டியது போல இருந்தது எனக்கு.

பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். ஜூன், ஜூலைப் பக்கங்கள் பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். தீபாவளி முடிந்து பள்ளி திறந்த இரண்டாம் வாரத்தில் ஒரே பெஞ்சில் மூன்று பேர் வரமாட்டார்கள். அடுத்த வாரம் பின் பெஞ்ச். அதற்கடுத்த வாரம் அவர்களுடைய தம்பி தங்கைகள் படிக்கும் கீழ் வகுப்பு. 'எனக்குக் கடும் காய்ச்சல் என்பதால்' என்று தொடங்கும் விடுப்பு விண்ணப்பங்கள் மேசை அறையில் கட்டுக்கட்டாகச் சேரும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்துவிட்டால் காய்ச்சலோடும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பாதி எழுதிய விடைத்தாளின் மேல் தலை வைத்துப் படுத்திருந்த ஒரு பிள்ளையை எழுப்பி வீட்டுக்கு அனுப்பியது இன்னும் நினைவில் இருக்கிறது. இது ஆய்வு ஆகாது என்று எனக்குத் தெரியும். அந்தக் காய்ச்சல்களில் டெங்குவும் இருந்திருக்கும், வேறு சளி வைரஸ்களும் இருந்திருக்கும். ஆனால் பருவம் ஒன்று இருந்தது. அது ஜூனில் இல்லை.

சென்னையில் இரவு ரயில் ஏறினால் மறுநாள் ஆலப்புழை. தினமும் இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கில் மக்கள் போய் வருகிறார்கள். ஜூலையில் ஆலப்புழையில் ஃப்ளூ பரவும்போது அந்த வைரஸ் அதே ரயிலில் சென்னைக்கும் வந்து இறங்கத்தான் செய்யும். இறங்கினாலும் அப்போது பெரிதாகப் பற்றுவதில்லை. இங்கே மழை தொடங்கியதும் பற்றிக்கொள்கிறது. ஆள் போக்குவரத்து விதையைக் கொண்டுவந்து போடுகிறது. முளைப்பதற்கு மண் ஈரமாக வேண்டியிருக்கிறது.

யாருக்குமே எதிர்ப்பாற்றல் இல்லாத புது வைரஸ் என்றால் அது ஈரத்துக்குக் காத்திருக்காது. 1918 ஜூனில் பம்பாய்த் துறைமுகம் வழியாக உள்ளே வந்த இன்ஃபுளுயன்சா, செப்டம்பரில் கொடூரமான இரண்டாம் அலையாக எழுந்து ரயில் பாதைகளோடு பயணித்தது. அக்டோபரில் மதராஸ் மாகாணத்தைப் பிடித்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நான் பேசுவது அதைப் பற்றி இல்லை. ஆண்டுதோறும் வந்து போகிற, நாம் பழகிப்போன ஃப்ளூவைப் பற்றி. அதற்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. நாட்காட்டி இருப்பதால் நாம் முந்திக்கொள்ளவும் முடியும்.

மழைக்கும் ஃப்ளூவுக்கும் என்ன தொடர்பு என்பதை விஞ்ஞானிகள் இன்னும் முழுதாக அவிழ்க்கவில்லை. 2007-ல் நியூயார்க்கில் கினி எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். குளிர்ந்த, வறண்ட காற்றில் வைரஸ் ஒரு கூண்டிலிருந்து இன்னொன்றுக்கு எளிதாகப் பரவியது. குளிர்நாடுகளில் அது ஏன் குளிர்காலத்தில் வருகிறது என்பதற்கு நல்ல விளக்கம் கிடைத்தது. அப்படியானால் 30 டிகிரி வெப்பமும் பிசுபிசுப்புமாக இருக்கும் நம் ஊரில் வரவே கூடாதே? அடுத்த சோதனையில் 30 டிகிரியில் காற்று வழிப் பரவல் நின்றுபோனது. ஆனால் எலிகளை ஒரே கூண்டில் சேர்த்து வைத்தபோது பரவல் நிற்கவில்லை. இதைப் படித்ததும் எனக்கு வகுப்பறைதான் கண் முன் வந்தது. சாரல் அடிக்கும் என்று மேற்குப் பக்க ஜன்னல்கள் எல்லாவற்றையும் சாத்திவிடுவோம். ஐம்பது பிள்ளைகள், நனைந்த சீருடை, ஓடாத மின்விசிறி, நான்கு மணி நேரம். மழை நாளில் பேருந்தும் அப்படித்தான், ரேஷன் கடைத் திண்ணையும் அப்படித்தான். பல நாடுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தவர்கள் உலகில் ஃப்ளூவுக்கு இரண்டு வகைப் பருவம் உண்டு என்கிறார்கள். ஒன்று குளிரும் வறட்சியும் சேர்ந்தது. மற்றது ஈரமும் மழையும் சேர்ந்தது. நாம் இரண்டாவது வகை, அதிலும் மழை பிந்தி வரும் ஊர்.

இனி ஊசிக் கணக்கு. வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும், எந்த ரகங்களை ஊசியில் சேர்ப்பது என்று அறிவிக்கிறது. அறிவித்த பிறகு தயாரிக்க ஆறு மாதம் ஆகும். பூமிப் பந்தில் நாம் வடகோளம். ஆனால் வட இந்தியச் சமவெளிக்கு ஜூனுக்கு முன்பே ஊசி வேண்டியிருப்பதால் அவர்களுக்குத் தென்கோள ஊசி பொருந்துகிறது. நமக்கோ பிப்ரவரியில் முடிவான புதிய ஊசி ஆகஸ்ட், செப்டம்பரில் தயாராகி வரும் நேரம் அப்படியே பொருந்துகிறது. போட்டு இரண்டு வாரத்தில் உடம்பு எதிர்ப்பொருளைத் தயார் செய்துவிடும். ஆவணி கடைசியில் போட்டால் ஐப்பசி மழைக்குப் பாதுகாப்பு முழுதாக இருக்கும்.

மே மாதம் போட்டால் என்ன, அதுவும் ஊசிதானே என்று ஒரு மருத்துவரே என்னிடம் கேட்டார். ஒன்றும் போடாமல் இருப்பதற்கு அது மேல்தான். ஆனால் இந்த ஊசியின் பாதுகாப்பு மாதம் செல்லச் செல்லக் குறைகிறது, வயதானவர்களுக்கு இன்னும் வேகமாக. மே மாதம் போட்ட பாட்டிக்கு நவம்பரில் ஆறு மாதம் கடந்திருக்கும். சரியாக வைரஸ் வரும் நேரத்தில் குடையில் ஓட்டை விழுந்திருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நமக்கு மழைக்கால உச்சம் மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை நாடு முழுவதும் கிளம்பியபோது நம்மையும் விட்டுவைக்கவில்லை. பக்கத்துப் புதுச்சேரியில் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகளுக்கு விடுமுறையே விட்டார்கள். நம் மாநிலத்தில் தெருத்தெருவாகக் காய்ச்சல் முகாம் போட்டீர்கள். எங்கள் ஊருக்கும் வந்தது, உங்கள் ஊழியர்கள் வெயிலில் நின்று வேலை பார்த்ததை நான் பார்த்தேன். ஜனவரி முதல் மார்ச் வரை ஓர் உச்சம், பருவமழைக்குப் பின் ஓர் உச்சம் என்றுதான் மத்திய சுகாதார அமைச்சகமும் சொல்கிறது. இந்த மார்ச் கணக்கும் செப்டம்பர் ஊசிக்கே சாதகமாக நிற்கிறது. செப்டம்பரில் போட்டவருக்கு மார்ச்சிலும் கொஞ்சம் பலம் மிச்சம் இருக்கும். முந்தைய மே மாதம் போட்டவருக்குப் பத்து மாதம் ஆகியிருக்கும்.

நாடு முழுவதற்கும் ஒரே தேதி இருந்தால்தான் நிர்வாகம் எளிது என்று டெல்லியில் சொல்லக்கூடும். பிரேசில் நம்மைவிடப் பெரிய நிலப்பரப்பு. அங்கே பல ஆண்டுகளாக நாடு முழுவதும் ஏப்ரல், மே மாதங்களில்தான் ஃப்ளூ ஊசி. தெற்கே குளிர்காலம் ஜூனில் வருவதால் அவர்களுக்கு அது சரி. ஆனால் வடக்கே அமேசான் பக்கத்தில் மழைக்காலமும் ஃப்ளூவும் ஆண்டின் தொடக்கத்திலேயே வந்துவிடும். அந்த மக்களுக்கு அலை அடித்து ஓய்ந்த பிறகுதான் ஊசி கிடைத்துக்கொண்டிருந்தது. ஆய்வாளர்கள் வெகுகாலம் சொல்லிச் சொல்லி, 2023-ல் அந்நாட்டு அரசு வட மாநிலங்களுக்கு மட்டும் ஊசிக் காலத்தை நவம்பருக்கு மாற்றியது. ஒரே நாடு, இரண்டு தேதி. ஒன்றும் குலைந்துவிடவில்லை.

நமக்குள்ளேயும் இரண்டு தேதி தேவைப்படலாம். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் எல்லாம் ஐப்பசி மழை ஊர்கள். வால்பாறை, தென்காசி, நீலகிரியின் மேற்குப் பகுதியில் ஜூனிலேயே சாரல் தொடங்கிவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அந்தக் காற்று கோயம்புத்தூருக்கும் வருகிறது. கன்னியாகுமரிக்கு இரண்டு மழையும் உண்டு. சென்னையையும் வேலூரையும் வைத்து மாநிலம் முழுவதற்கும் தேதி குறித்தால், டெல்லியை வைத்து நமக்குத் தேதி குறித்த அதே பிழையை நாமே செய்ததாகிவிடும். அதனால் மாவட்ட வாரியாகப் பாருங்கள் என்கிறேன். அதற்கு உங்களிடம் எல்லாம் இருக்கிறது. கிண்டியில் 1899-லிருந்து கிங் நோய்த்தடுப்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரிகளில் வைரஸ் ஆய்வகங்கள் இருக்கின்றன. மூச்சுத் திணறி வந்தவருக்கு மட்டும் சோதனை என்றில்லாமல், மாவட்டத்துக்கு ஒரு மருத்துவமனையில் வாரம் இருபது சாதாரணக் காய்ச்சல் நோயாளிகளிடம் சளி மாதிரி எடுத்தால் போதும். மூன்று ஆண்டில் கோயம்புத்தூரின் மாதம் எது, தஞ்சாவூரின் மாதம் எது என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எடுத்த கணக்கை எங்களுக்கும் காட்டுங்கள். மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர், செம்பரம்பாக்கத்துக்கு எத்தனை கனஅடி வரத்து என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கூட மனப்பாடமாகச் சொல்வார். தினமும் பேப்பரில் வருகிறது, அதனால் தெரிகிறது. அதுபோல வாரம் ஒரு முறை, இந்த மாவட்டத்தில் காய்ச்சலோடு வந்தவர்களில் இத்தனை பேருக்கு ஃப்ளூ, இத்தனை பேருக்கு டெங்கு என்று தமிழில் வெளியிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! என் அண்ணனைப் பார்த்த மருத்துவரின் மேசையில் அந்த வாரக் கணக்கு இருந்திருந்தால் மூன்று நாள் தட்டணுவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்க மாட்டார். ஒவ்வொரு மழைக்கும் தலைப்புச் செய்தியாகும் 'மர்மக் காய்ச்சல்' என்ற சொல்லும் ஒழியும். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. சோதிக்காத காய்ச்சல் எல்லாம் மர்மம்தான். இன்னும் 'பன்றிக்காய்ச்சல்' என்று எழுதுகிறவர்களுக்கும் உங்கள் துறையே எடுத்துச் சொல்லலாம். அந்த எச்1என்1 கொள்ளைநோய் 2010 ஆகஸ்டிலேயே முடிந்ததாக அறிவிக்கப்பட்டுவிட்டது. இன்றைக்கு அது ஆண்டுதோறும் வரும் ஃப்ளூ வகைகளில் ஒன்று. பேரைக் கேட்டுப் பயந்து நோயை மறைக்கிறவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

எல்லாருக்கும் ஊசி போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. செலவு எனக்கும் புரிகிறது. முதலில் கர்ப்பிணிகள். ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு இந்த ஊசியைப் போட முடியாது. தாய்க்குப் போட்டால்தான் பிறக்கும் பிள்ளைக்குக் காப்பு. கிராம சுகாதாரச் செவிலியர் கையில் ஒவ்வொரு கர்ப்பிணியின் பெயரும் மாதமும் இருக்கிறது. அடுத்து சர்க்கரை, இதயம், மூச்சு நோய் உள்ள முதியவர்கள். அவர்களைத் தேடி அலையவே வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாக மாத்திரை வாங்குகிறவர்களின் பட்டியல்தான் ஃப்ளூவுக்கு எளிதில் பலியாகக்கூடியவர்களின் பட்டியலும். வேறு பல மாநிலங்களில் இப்படி ஒரு பட்டியலைப் புதிதாக உட்கார்ந்து தயாரிக்க வேண்டியிருக்கும். 1939-லேயே நாட்டில் முதன்முதலாகப் பொது சுகாதாரச் சட்டம் கொண்டுவந்த மண் இது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்குவதில் மற்ற மாநிலங்களுக்கே வழிகாட்டியது. பிப்ரவரியில் ஊசியின் ரகம் முடிவானதும் மார்ச்சில் ஒப்பந்தப்புள்ளி கோரினால் ஆகஸ்டில் ஆரம்ப சுகாதார நிலையத்துக் குளிர்பெட்டியில் ஊசி இருக்கும். செப்டம்பரில் கோரினால் டிசம்பரில் வந்து சேரும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

தனியார் மருத்துவர்களுக்கு உங்கள் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை அனுப்புவதற்குச் செலவே கிடையாது. 'மழைக்காலத்துக்கு முன்' என்ற வரியை எடுத்துவிட்டு 'ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் கடைசிக்குள், தவறவிட்டவர்களுக்கு அக்டோபரிலும்' என்று மாதத்தின் பெயரையே எழுதுங்கள். இந்த ஒன்றை மட்டும் இந்த ஆண்டே செய்துவிட முடியும்.

அண்ணனுக்கு இந்த முறை நானே சென்னைக்குப் போய்க் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு இடத்தில் பழைய ஊசிதான் இருந்தது. மூன்றாவது இடத்தில் புதியது கிடைத்தது. ஆயிரத்துக்கு மேல் ஆனது, அண்ணன் மகன் கொடுத்தான். ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலை, தோளில் பையோடு எங்கள் தெருவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துப் பெண் ஊழியர் வந்தார். ஒன்பது வீட்டில் நின்றார். ஒன்பது பேரும் என் அண்ணன் வயதுக்காரர்கள். ஆவணி முடிய இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
விழுப்புரம் மாவட்டம்